கலோரி கணக்கு: அரிசியா நிறுக்கணுமா, சோறா நிறுக்கணுமா?

தாமுவே மருமக

எல்லாருக்கும் வணக்கம், மியான்மர் யாங்கோன்ல தாமுவேலேர்ந்து எழுதுறேன். வீட்டுக்காரருக்கு 48 வயசு, எடை 86 கிலோ, போன மாசம் சுகர் இருக்குன்னு சொல்லிட்டாங்க. ஒரு நாளைக்கு 1600 கலோரிக்குள்ள சாப்பிடச் சொல்லுங்கன்னு டாக்டர் அனுப்பிட்டாரு, அதை எப்படி கணக்கு போடுறதுன்னு சொல்ல ஆளில்ல. நானே போன்ல ஒரு ஆப் இறக்கி, ஒரு சின்ன டிஜிட்டல் தராசும் வாங்கினேன்.

ஆப்புல அரிசின்னு தேடினா முதல்ல வந்தது வெள்ளை அரிசி 100 கிராம் 365 கலோரின்னு. அவர் தட்டுல சோத்தை வச்சு நிறுத்தா 150 கிராம், போட்டுப் பாத்தா 547 காட்டுது. ரெண்டு வேளைக்கு 1094. அப்ப மீதி எல்லாத்துக்கும் 500 தான்னு குழம்பு காய் எல்லாத்தையும் சுருக்கிட்டேன். 12 நாள் இப்படியே போச்சு. நேத்து மத்தியானம் கடையில உக்காந்திருக்கும்போது அவருக்கு குப்புன்னு வேர்த்து கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு, டம்ளரைத் தூக்கினா தண்ணி மேசையெல்லாம் சிந்துது. பக்கத்து டீக்கடைல சீனி நெறையப் போட்டு ஒரு டீ வாங்கிக் குடுத்தேன், கொஞ்ச நேரத்துல தெளிஞ்சாரு.

ராத்திரி தூக்கம் வராம அதே ஆப்பைக் கீழ தள்ளிக்கிட்டே போனா "அரிசி, வெந்தது, 100 கிராம், 130"ன்னு இன்னொண்ணு இருக்கு. ஒரே அரிசிக்கு எப்படி ரெண்டு கணக்கு? நான் இத்தனை நாளா தப்பா போட்டுட்டேனா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, வயித்தக் கலக்குது.

பகோ தம்பி

அக்கா பதறாதீங்க, ஆனா ஆமா, தப்பா போயிருக்கு. 365 பச்சை அரிசிக்கு, அதாவது வேகாம மூட்டையில இருக்கிறதுக்கு. 130 வெந்த சோத்துக்கு. அரிசி வேகும்போது தண்ணியக் குடிக்குது, 100 கிராம் அரிசி 250லேர்ந்து 300 கிராம் சோறா ஆகுது, தண்ணிக்கு கலோரி கிடையாது, அதனால அதே கலோரி மூணு மடங்கு எடைக்குள்ள பரவிக்குது, அவ்வளவுதான் விஷயம்.

நீங்க தட்டுல வச்ச 150 கிராம் சோறு 195 கலோரிதான். ரெண்டு வேளைக்கு 390. நீங்க 1094ன்னு எழுதியிருக்கீங்க. மீதி 500ஐச் சேத்தா அண்ணன் ஒரு நாளைக்கு 890 கலோரிதான் சாப்பிட்டிருக்காரு, 1600 இல்ல.

மோல்மேன் நர்ஸம்மா

தங்கச்சி, கலோரி கணக்கை அப்புறம் பாப்போம், அவருக்கு என்ன மாத்திரை குடுத்திருக்காங்க? மெட்ஃபார்மின் மட்டும்னா சுகர் இறங்கிப்போறது அபூர்வம். கூட கிளிக்ளசைடு, கிளைமெபிரைடு, கிளிபென்கிளமைடு இதுல எதாவது இருந்தா அது சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் இன்சுலினைச் சுரக்க வைக்கும், சாப்பாடு பாதியா குறைஞ்சா நீ சொன்ன வேர்வையும் நடுக்கமும் அப்படித்தான் வரும். அட்டையப் பாத்துட்டு உடனே எழுது.

தாமுவே மருமக

பாத்துட்டேன் அக்கா. மெட்ஃபார்மின் ரெண்டு வேளை, கிளிக்ளசைடு காலைல ஒண்ணு.

மோல்மேன் நர்ஸம்மா

நினைச்சேன். இன்னைக்கே டாக்டர்கிட்ட போய் நடந்ததை அப்படியே சொல்லும்மா, எத்தனை நாள் எவ்வளவு சாப்பிட்டாருன்னும் சொல்லு, மாத்திரை அளவை மாத்துறதா இல்லையான்னு அவர்தான் முடிவு பண்ணணும், நீங்களா நிறுத்தவும் வேண்டாம் கூட்டவும் வேண்டாம். அதுவரைக்கும் வேளை தவறாம சோறு போடு. மறுபடி நடுங்கினா முடிஞ்சா விரல்ல குத்திப் பாரு, 70க்குக் கீழ இருந்தா 15 கிராம் சீனி, அதாவது மூணு நாலு சின்ன ஸ்பூன் தண்ணில கரைச்சுக் குடு, 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாரு. குத்திப் பாக்க மெஷின் இல்லன்னா அதுக்காகக் காத்திருக்காதே, முதல்ல சீனியைக் குடு. நீ நேத்து டீயக் குடுத்தது சரியான காரியம்.

உன்மேல தப்பில்ல. எங்க வார்டுலயும் இதைப் பாத்திருக்கேன். 1600ன்னு ஒரு நம்பரை எழுதிக் குடுத்து அனுப்பிடுறாங்க, அது அரிசிக்கா சோத்துக்கான்னு ஒரு வார்த்தை சொல்ல அஞ்சு நிமிஷம் ஆகாது.

இன்செய்ன் ராஜா

நான் இதுக்கு நேர் தலைகீழா மாட்டினேன். காலைல அரிசிய நிறுத்து 250 கிராம் போட்டு எனக்கு மட்டும் ஆக்கிப்பேன், ஆப்புல வெந்த சோறுன்னு 250 போடுவேன், 325 காட்டும். உண்மையா அது 912. ரெண்டு மாசம் எடை ஒரு இஞ்ச் நகரல, உடம்புலதான் ஏதோ கோளாறுன்னு தைராய்டு டெஸ்டு வரைக்கும் போய் காசு செலவழிச்சேன். எந்த நிலைல நிறுக்கிறோமோ அந்த நிலையோட நம்பரத்தான் எடுக்கணும்னு யாராவது முதல் நாளே சொல்லியிருந்தா போதும்.

பகோ தம்பி

அதேதான் அண்ணா. ஆனா அந்த 130ஐயும் கண்ண மூடி நம்பாதீங்க, அதுக்குத்தான் வர்றேன். போன வாரம் வீட்ல ரெண்டு தடவை நிறுத்துப் பாத்தேன். ரெண்டு தடவையும் ஒரு நோசிபூ (பால் டின்னு) அரிசி, தலை தட்டி 260 கிராம். 260 கிராமுக்கு கலோரி 949, அது மாறாது. புது பௌசான் அரிசிய தண்ணி குறைச்சு வச்சேன், 624 கிராம் சோறு வந்துச்சு. பழைய மீடோன் அரிசிய அம்மாவுக்கு மெத்துன்னு இருக்கட்டும்னு தண்ணி கூட விட்டு வச்சேன், 806 கிராம். முதல் சட்டில ஒரு கிராம் சோறு 1.52 கலோரி, ரெண்டாவதுல 1.18. தட்டுல 200 கிராம் வச்சா ஒண்ணு 304, இன்னொண்ணு 235. ஆப்பு ரெண்டுக்கும் 260ன்னுதான் சொல்லும்.

சேயாவதி பெரியவர்

தம்பி சொல்றது சரி. நான் வயல்காட்டுல வளந்தவன், எழுபது வயசு தாண்டியாச்சு. புது அரிசி தண்ணி குறைச்சுக் கேக்கும், குழையும். பழைய அரிசி நிறைய தண்ணி இழுக்கும், சட்டி நிறைய பொலபொலன்னு காணும். அதனாலதான் அந்தக் காலத்துலேர்ந்தே பெரிய குடும்பத்துல பழைய அரிசிய விரும்பி வாங்குவாங்க, அள்ளி வைக்க வைக்க வரும். பௌசான் வேகும்போது நீளமாகுறதுக்கே பேர் போனது, 2011ல உலகத்துலயே சிறந்த அரிசின்னு பரிசு வாங்கினது நம்ம நாட்டு பௌசான்தான், அதைச் சொல்லாம இருக்க முடியல.

ஆனா ஒண்ணு கேக்குறேன் கோவிச்சுக்காதீங்க. சோத்தை தராசுல வச்சு நிறுத்துப் போடுறது எனக்கு மனசுக்கு ஒப்பல. போதும்னு கை மறிக்கிற வரைக்கும் போடுறதுதான் நம்ம வழக்கம். வீட்டு ஆம்பள தட்டை நிறுத்து வைக்கிற நிலைமைக்கு வந்துட்டோமேன்னு இருக்கு.

தாமுவே மருமக

பெரியப்பா, எனக்கும் அந்தச் சங்கடம் இருக்கு. முதல் நாள் தராசுல தட்டை வைக்கும்போது மாமியார் முகத்தத் திருப்பிக்கிட்டாங்க. ஆனா அவர் அப்பாவுக்கு சுகர்லதான் கால் எடுத்தாங்க, இவருக்கும் அப்படி ஆகிடக் கூடாது. கண்ணளவுல போட்டா எனக்கு இரக்கம் வந்து ஒரு கரண்டி கூடப் போயிருது.

டாக்டரப் பாத்துட்டு வந்தாச்சு. கிளிக்ளசைடை பாதியாக்கிட்டாரு, 1600ஐ விட்டு இறங்கவே கூடாதுன்னு சொல்லிட்டாரு.

இப்ப என் கேள்வி என்னன்னா எங்க வீட்ல ஆறு பேரு, ஒரே சட்டி, அவருக்குன்னு தனியா அரிசி நிறுத்து ஆக்க முடியாது. கரண்டும் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியல, ஒரு நாள் குக்கர், ஒரு நாள் கரி அடுப்பு, தண்ணி ஒரே அளவா இருக்கிறதே இல்ல. அப்ப என்ன பண்றது?

பகோ தம்பி

தனியா ஆக்க வேண்டாம் அக்கா, மொத்த சட்டியையும் கணக்குல எடுங்க. வெறும் சட்டிய ஒரு தடவை நிறுத்து எழுதி வச்சுக்கோங்க. அரிசிய கழுவுறதுக்கு முன்னாடி, காய்ஞ்சபடி நிறுங்க, கழுவினப்புறம் நிறுத்தா தண்ணியும் சேந்துரும். வெந்ததும் சட்டியோட நிறுத்து வெறும் சட்டி எடையக் கழிச்சா மொத்த சோறு. அரிசி எடைய 3.65ஆல பெருக்குனா சட்டியோட மொத்த கலோரி, அதை மொத்த சோத்து எடையால வகுத்தா ஒரு கிராம் சோத்துக்கு எவ்வளவுன்னு அன்னைய கணக்கு வந்துரும்.

உதாரணத்துக்கு மூணு நோசிபூ, 780 கிராம் அரிசி, 2847 கலோரி. சோறு 2106 கிராம் வந்துச்சுன்னு வைங்க. ஒரு கிராம் 1.35. அண்ணன் தட்டுல 190 கிராம்னா 257. தண்ணி கூடினாலும் குறைஞ்சாலும் கரி அடுப்பா இருந்தாலும் இந்தக் கணக்கு பிசகாது, ஏன்னா தண்ணி எவ்வளவு போச்சுன்னு சட்டியே சொல்லிருது.

லாத்தா ஜெயந்தி

இதுல இன்னொரு குழப்பம் இருக்கு, கப்பு. ஆப்புல "1 கப்" னு இருக்கிறது அமெரிக்கா கப்பு, பச்சை அரிசின்னா 185 கிராம், வெந்த சோறுன்னா 158 கிராம், 205 கலோரி. குக்கரோட வர்ற பிளாஸ்டிக் கப்பு 180 மில்லி, 150 கிராம் அரிசிதான் பிடிக்கும். நம்ம வீட்ல இருக்கிறதோ பால் டின்னு. மூணையும் நான் ஒண்ணுன்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன், ஒரு கப்பு ரெண்டு கப்புன்னு போட்டு எத்தனை நாள் ஏமாந்திருக்கேன். கிராம்ல மட்டும் போடுங்க.

அப்புறம் அந்த நோசிபூவும் கை மாறினா மாறும். என் வீட்ல தலை தட்டினா 258, எங்க அத்தை கோபுரமா அள்ளினா 300 தாண்டும். மூணு டின்னுக்கு அரை டின்னு கூடப் போயிருது.

சேயாவதி பெரியவர்

எட்டு நோசிபூ ஒரு ப்யீ, 16 ப்யீ ஒரு தெங். அரிசி தெங் 75 பவுண்டுன்னு கணக்கு, சுமார் 34 கிலோ, அதை வகுத்துப் பாத்தா ஒரு டின்னு 266 கிராம் கிட்ட வரும். தம்பியோட 260ம் ஜெயந்திம்மாவோட 258ம் அதுக்குப் பக்கத்துலதான் நிக்குது. அளவுங்கிறது நம்ம ஆளுங்களுக்குப் புதுசில்ல, நான் முன்னாடி சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கிறேன், தட்டுல அளக்கலயே தவிர குதிருல அளந்துதான் எடுத்தோம். பர்மாக்காரங்க பெய்த்தான்னு சொல்றதை வெள்ளைக்காரன் விஸ்னு எழுதினான் பாருங்க, அது நம்ம வீசைதான். ஊர்ல வீசை 1.4 கிலோ, இங்க 1.63. நூறு சத்தா ஒரு விஸ், பசார்ல பருப்பு பத்து சத்தா வாங்கினா 163 கிராம்னு பிள்ளைங்க மனசுல வச்சுக்கட்டும், கிராம் தராசு இல்லாத கடைல உதவும்.

தாட்டோன் சரசு

வடிச்ச சோத்துக்கு என்ன கணக்கு? நாங்க கரி அடுப்புல ஆக்கினா நிறையத் தண்ணி வச்சு கஞ்சிய வடிச்சிருவோம்.

பகோ தம்பி

கஞ்சியோட கொஞ்சம் மாவும் போயிரும் அக்கா, அதனால அரிசி எடைய வச்சுப் போட்ட கணக்கு உண்மையவிட கொஞ்சம் கூடக் காட்டும். கஞ்சிய யாரும் குடிக்காம ஊத்திட்டீங்கன்னா அந்த வித்தியாசத்தை விட்டுருங்க. குடிக்கிறவருக்கு அது அவர் கணக்குல சேரும்.

மோல்மேன் நர்ஸம்மா

கஞ்சி விஷயத்துல நான் குறுக்க வர்றேன். வெள்ளை அரிசில ஏற்கனவே குறைவா இருக்கிற பி1 வைட்டமின் கழுவுற தண்ணிலயும் வடிக்கிற கஞ்சிலயும்தான் போகுது. பிள்ளை பெத்தவங்களுக்கு பத்தியம்னு வெறும் சோத்தைக் குடுத்து, பால் குடிக்கிற பச்சப் பிள்ளைக்கு பி1 குறைஞ்சு பெரிபெரி வந்து மூச்சு வாங்கித் தூக்கிட்டு வர்றதை இந்த நாட்டுல இன்னும் பாக்குறோம். வீட்ல வயித்துப்பிள்ளைக்காரியோ பால் குடுக்கிற தாயோ இருந்தா கஞ்சிய ஊத்தாதீங்க, கலோரி எக்கேடும் கெடட்டும், பருப்பும் பயறும் சேத்துக் குடுங்க.

இன்செய்ன் ராஜா

பருப்புக்கும் இதே கதைதானே? காலைல கூடைக்காரம்மாகிட்ட பேப்யோ (அவிச்ச பட்டாணி) வாங்கி நான்பியாவோட (நான் ரொட்டி) சாப்பிடுறேன், அது வெந்தே வருது, பச்சையா எவ்வளவு இருந்துச்சுன்னு நான் எங்க போய்க் கேக்குறது.

லாத்தா ஜெயந்தி

வெந்து வர்றதுக்கு வெந்த நம்பர்தான் அண்ணா, வேற வழியில்ல. வெந்த பட்டாணி 100 கிராம் 120க்குள்ள, வெந்த கொண்டைக்கடலை 164. பச்சையா பாத்தா ரெண்டும் 350, 370ன்னு நிக்கும். மோஹிங்காவுக்கு (மீன் குழம்பு ஊத்துற சேமியா) பசார்ல ஈரமா விக்கிற சேமியாவும் அப்படித்தான், ஈரமா 100 கிராம் 110 கிட்ட, காய்ஞ்ச அரிசி நூடுல்ஸ்னா 360க்கு மேல. ஓட்ஸ், மக்ரோனி பாக்கெட்டுல அச்சடிச்சிருக்கிறது பெரும்பாலும் காய்ஞ்சபடி உள்ள கணக்கு, வெந்தப்புறம் நிறுத்து அதைப் போட்டா தாமுவே அக்காவுக்கு நடந்த மாதிரியேதான் ஆகும்.

ஆனா பேப்யோல மேல ஊத்துற எண்ணெயையும் எழுதுங்க, ஒரு மேசைக்கரண்டி கடலெண்ணெய் 120 கலோரி, பாதித் தட்டு சோத்துக்குச் சமம். எண்ணெய் மிதக்க மிதக்க ஆக்குற கறிக்கு யாரும் எழுதுறதே இல்ல. சோத்த மட்டும் கிராம் கிராமா நிறுத்து அதை விட்டுட்டா வீண் பாடு.

தாட்டோன் சரசு

சோத்தை ராத்திரி ஃபிரிட்ஜ்ல வச்சு மறுநாள் தின்னா கலோரி பாதியாகும்னு ஒரு வீடியோல பாத்தேனே?

மோல்மேன் நர்ஸம்மா

பாதியாகாதும்மா. ஆறி குளிர்ந்தா மாவுச்சத்துல கொஞ்சம் செரிக்காத மாவா மாறும், அது உண்மை, ஆனா கொஞ்சம்தான். அதை நம்பி ரெண்டு மடங்கு தின்னுறாதீங்க. மீந்ததை சூடா வெளில விட்டுட்டு ராத்திரி ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, ஆறினதும் சீக்கிரம் உள்ள வச்சிருங்க, வாந்தி பேதி அதுல வரும்.

பகோ தம்பி

ஃபிரிட்ஜ்ல வச்ச சோறு காய்ஞ்சு எடை குறையும், கலோரி அப்படியே இருக்கும், அதனால மறுநாள் நிறுத்தா கணக்கு குறைவா காட்டும். பழைய சோறு தண்ணி ஊத்தினதுன்னா நிறுக்கவே வேண்டாம், தராசு தண்ணியத்தான் நிறுக்கும். முந்தின நாள் ராத்திரி சட்டில மீந்ததை ஊற வைக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்து எழுதிட்டு அதுல பாதியா கால்வாசியான்னு பாத்தா போதும்.

தாமுவே மருமக

மூணு வாரம் கழிச்சு வர்றேன். எல்லாருக்கும் சொல்லணும்னு இருந்தேன்.

வெறும் சட்டி 412 கிராம். நேத்து மூணு டின்னு அரிசி 774. வெந்து சட்டியோட 2580, சோறு மட்டும் 2168. மொத்த கலோரி 2825, ஒரு கிராமுக்கு 1.30. அப்படியே ஆப்புல இருக்கிற 130 தான். முந்தாநாள் கரண்டு இல்லாம கரி அடுப்புல வச்சப்ப தண்ணி கூடிப்போய் 1.21 வந்துச்சு, அன்னைக்கு தட்டுல கொஞ்சம் கூட வச்சேன். இப்ப அவருக்கு ஒரு வேளைக்கு 250 கிராம் சோறு, 326 கலோரி. அந்த 150 கிராமைப் பாத்துட்டு இந்தத் தட்டை வச்சப்ப அவர் ஒண்ணும் பேசல, சோத்தை ஒரு ஓரமா ஒதுக்கி, நடுவுல குழிச்சு, சாம்பார ஊத்தச் சொன்னாரு. முன்னெல்லாம் அப்படித்தான் சாப்பிடுவாரு. அந்த 12 நாள்ல குழிக்க சோறே இல்லங்கிறதை அப்பத்தான் உணர்ந்தேன், கண்ணு கலங்கிருச்சு.

நடுக்கம் அப்புறம் வரல. எடை 84.6. மாமியார் இப்ப டின்னை அள்ளினதும் விரலால தலையத் தட்டித்தான் போடுறாங்க, நான் சொல்லவே இல்ல. நான் நிறுத்துப் பாத்தேன், 257, 259, 258.

ஒரே ஒரு சந்தேகம். சட்டி எடைய மார்க்கர்ல அடில எழுதியிருந்தேன், கழுவிக் கழுவி அழிஞ்சு போச்சு.

சேயாவதி பெரியவர்

பாத்திரக் கடைல பேர் வெட்டுவாங்கல்ல, அங்க குடுத்து காதுப்பக்கம் 412ன்னு வெட்டி வாங்கிக்கம்மா. அடில வெட்டினா கரில மறைஞ்சிரும்.